இராவண காவியம்: வில்லன் பக்கம் நின்று எழுதப்பட்ட ஒரு காப்பியத்தின் வரலாறு

இராவண காவியம் என்பது புலவர் குழந்தை இயற்றி 1946-இல் வெளிவந்த தமிழ்க் காப்பியம். இராமாயணக் கதையை இராவணனைத் தலைவனாகக் கொண்டு சொல்வது. ஐந்து காண்டங்கள், 57 படலங்கள், 3100 பாடல்கள் உடையது. 1948-இல் அன்றைய சென்னை மாகாண அரசு இதைத் தடை செய்தது. தடை நீங்கியது 1971-இல்.

ஒரு பழங்கதையை எதிரியின் வாயிலாகத் திருப்பிச் சொல்வது இன்று உலகெங்கும் நடக்கிறது. ஆங்கிலத்தில் நாவல்களும் திரைப்படங்களும் அப்படி வந்துகொண்டே இருக்கின்றன. தமிழில் அது வெறும் கற்பனை விளையாட்டாக இருக்கவில்லை. அரசாணை, வழக்கு, நாடகச் சட்டம் என்று நீண்டது. அந்த வரலாற்றை மாணவர்களுக்காகத் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். தொடக்கம் மட்டும், நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்த வடசென்னையிலிருந்து.

திருவொற்றியூரில் ஒரு விளக்கு

திருவொற்றியூர் தியாகராச சுவாமி கோயிலில் வட்டப்பாறை அம்மன் சன்னிதி இருக்கிறது. கம்பர் இவ்வூரில் தங்கி இராமாயணத்தை இரவில் எழுதியபோது, இந்த அம்மனே பெண்ணுருவில் வந்து விளக்குப் பிடித்தாள் என்பது இங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லும் கதை. இவ்வூர் மடத்தில் இருந்த சதுரானன பண்டிதரிடம் கம்பர் வான்மீகம் கேட்டார் என்றும் சொல்வர். சதுரானன பண்டிதர் என்ற பெயருடைய மடத் தலைவர்கள் இங்கு இருந்தது கல்வெட்டுகளால் தெரிகிறது. கம்பர் வந்தது மட்டும் செவிவழிச் செய்தி. ஆனாலும், மாட வீதியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இராமாயணம் நம்ம ஊரில் எழுதிய கதை என்ற உரிமை உண்டு.

இதே கோயிலில் இராவணனுக்கும் இடம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாவது பாட்டு இராவணனைப் பற்றியது. அப்பர் தம் பதிகங்கள் பலவற்றை அவனை நினைத்தே முடிப்பார். கயிலையைப் பெயர்த்தான், இறைவன் கால்விரலை ஊன்ற நசுங்கினான், தன் நரம்பையே யாழாக்கிச் சாமகானம் பாடினான், வாளும் நாளும் பெற்று மீண்டான் என்பது கதை. திருவொற்றியூர்ப் பதிகம் ஓதுவோரும் எட்டாம் பாட்டில் இதைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பல சிவன் கோயில்களில் இராவணன் மலை சுமக்கும் வாகனத்தில் இறைவன் உலா வருவார். ஆகவே, சைவத் தமிழனுக்கு இராவணன் முழு வில்லனாக என்றுமே இருந்ததில்லை. செருக்கால் கெட்ட பெரிய பக்தன் அவன். பின்னாளில் இராவணன் கட்சி பேசியவர்களில் பலர் கடவுள் மறுப்பாளர்கள். அவர்களுக்கு முன்பே தேவாரம் அந்தக் கதவைச் சற்றுத் திறந்து வைத்திருந்தது என்பதே என் எண்ணம்.

கம்பனின் இராவணன்

கம்பர் காலம் 12-ஆம் நூற்றாண்டு என்பது பெரும்பான்மைக் கருத்து. 9-ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. அவர் இராமனைக் கடவுளாகவே பாடினார். ஆனால் இராவணனைச் சிறியவனாக ஆக்கவில்லை.

இரண்டு இடங்களைப் பாருங்கள். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரில் அவன் அவளைத் தீண்டுவதில்லை. குடில் இருந்த நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். சீதையின் கற்பைக் காக்க இப்படிச் செய்தார் என்பார்கள். அதனால் இராவணனுக்கும் ஒரு கண்ணியம் வந்து சேர்ந்துவிட்டது. மற்றொன்று, முதல் நாள் போரில் தோற்று வெறுங்கையோடு இலங்கைக்குத் திரும்பும் காட்சி. வானவர் சிரிப்பார்களே என்றோ, மண்ணோர் சிரிப்பார்களே என்றோ அவன் நாணவில்லை. சானகி சிரிப்பாளே என்று நாணுகிறான். ஒரே உணர்ச்சியில் அவனுடைய காதலையும் குற்றத்தையும் வீழ்ச்சியையும் கம்பர் காட்டிவிடுகிறார். இறுதியில் மண்டோதரி அவன் உடல்மேல் விழுந்து அழும் புலம்பல், படிப்பவரை எதிர்க்கட்சிக்கு இழுத்துவிடும் வலிமை உடையது.

கம்பருக்கு முன்பே சமணர்கள் வேறு வகையில் சொல்லியிருந்தார்கள். விமலசூரியின் பிராகிருத இராமாயணத்தில் இராவணன் பத்துத் தலை அரக்கன் அல்லன்; சமண நெறியில் பற்றுள்ள அரசன். அவனைக் கொல்பவன் இராமன் அல்லன், இலக்குவன். 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குணபத்திரரின் உத்தரபுராணத்தில் சீதை இராவணனின் மகள். இராமாயணத்தில் மாற்றுக் கதை கூடாது என்போர், அந்தக் கதை எத்தனை நூற்றாண்டுகளாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

சென்னையில் வாழ்ந்த ஒரு வங்க ஆசிரியர்

நம் காலத்துக்கு நெருங்கிய முதல் பெரிய முயற்சி வங்கத்தில் நடந்தது. மைக்கேல் மதுசூதன் தத்தரின் மேகநாதவத காவியம் 1861-இல் வெளிவந்தது. ஓமர், மில்தன் ஆகியோரைக் கரைத்துக் குடித்த அந்தக் கவிஞர், இந்திரசித்தைத் தலைவனாக வைத்துப் பாடினார். வீடணன் வழிகாட்ட உள்ளே நுழையும் இலக்குவன், வழிபாட்டில் இருக்கும் ஆயுதமற்ற வீரனைக் கொல்கிறான். காவியம் மகனை எரியூட்டும் தந்தையின் துயரத்தில் முடிகிறது. இராமனும் அவன் படையும் தம்மைக் கவரவில்லை என்றும், இராவணனை நினைத்தால்தான் கற்பனை பொங்குகிறது என்றும் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

இந்த மதுசூதனர் 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்தவர். ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியில் ஆசிரியர் வேலை பார்த்தார். அவருடைய முதல் ஆங்கிலக் கவிதை நூலும் 1849-இல் இங்கேதான் அச்சானது. காலையில் எபிரேயம், பிறகு பள்ளி, பிறகு கிரேக்கம், தெலுங்கும் சமஸ்கிருதமும், மாலையில் இலத்தீன், இரவில் ஆங்கிலம் என்று அவர் எழுதிய தினசரி அட்டவணை ஒரு கடிதத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை என்பதைப் படிக்கும்போது எனக்குச் சிறு வருத்தம். கம்பனின் இராவணனை அவர் தமிழில் படித்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

மேடையில் தொடங்கிய வழக்கு

தமிழ்நாட்டில் இந்த எண்ணம் கவிதையாகத் தொடங்கவில்லை, வாதமாகத் தொடங்கியது. 1928-இல் முந்நீர்ப்பள்ளம் மு.சி. பூரணலிங்கம் பிள்ளை இராவணனைப் பேரரசனாகக் காட்டி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1930-இல் பெரியாரின் இராமாயணப் பாத்திரங்கள் வந்தது. பெரியார் இராமாயணத்தை ஒரு வழக்குக் கட்டைப் போலப் படித்தார். எந்தப் பாத்திரம் எந்த இடத்தில் என்ன சொன்னது, அது நியாயமா என்று கேட்டுக்கொண்டே போனார். வடக்கு ஆரியர், தெற்குத் திராவிடர் என்ற அன்றைய இனவாத வரலாற்றுக் கொள்கை இந்த வாசிப்புக்குப் பின்னணியாக இருந்தது. 1934-இல் பாரதிதாசன் எழுதிய இரணியன் அல்லது இணையற்ற வீரன் என்ற நாடகம் மேடையேறியது. பிரகலாதன் கதையிலும் தந்தையின் பக்கம் நின்று பார்க்கலாம் என்று காட்டிய நாடகம் அது.

1943-இல் இரண்டு விவாதங்கள் நடந்தன. பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் மோதினர். மார்ச்சில் சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்பது அண்ணாவின் கட்சி. கூடாது என்பது தமிழறிஞர்களின் கட்சி. இந்த உரைகள் பிறகு தீ பரவட்டும் என்ற நூலாயின.

இந்த விவாதங்களைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு தரப்பாரும் கம்பனை நெட்டுருப் போட்டவர்கள். எதிர்த்தவர் படிக்காமல் எதிர்க்கவில்லை. அதே சமயம், இலக்கியத்தைக் கொளுத்துவது என்ற யோசனை எனக்கு உடன்பாடானது அன்று. நூலகத்தில் கறையான் அரித்த புத்தகங்களைக் கண்டே கண் கலங்கியவன் நான். கொளுத்தினால் அந்த இடம் வெற்றிடமாகும். கம்பனுக்கு மாற்றாக மக்கள் கையில் எதைக் கொடுப்பது என்ற கேள்வி அப்போதே தொக்கி நின்றது. மூன்று ஆண்டுகளில் அதற்கு ஒரு தமிழாசிரியர் விடை எழுதினார்.

பவானித் தமிழாசிரியர்

புலவர் குழந்தை 1906-இல் இன்றைய ஈரோடு மாவட்டத்து ஓலவலசில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். திண்ணைப் பள்ளியில் சிறிது காலமே படித்தார். மற்றதெல்லாம் தாமாகத் தேடிக் கற்றது. 1934-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வில் தேறினார். பவானி உயர்நிலைப் பள்ளியில் நீண்ட காலம் தமிழாசிரியர். சுயமரியாதை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவர். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பங்கேற்றவர்.

அவர் யாப்பதிகாரம் என்ற செய்யுள் இலக்கண நூலின் ஆசிரியர் என்பதும் முக்கியம். வெண்பாவும் விருத்தமும் தளை தட்டாமல் எழுதுவது எப்படி என்று பிள்ளைகளுக்கு எளிதாகச் சொல்லும் நூல் அது. வகுப்பில் நானும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அசை பிரித்துக் காட்டியிருக்கிறேன். கம்பனோடு போட்டி போடுபவருக்குக் கம்பனின் கருவிகள் கைவசம் இருக்க வேண்டும் அல்லவா? குழந்தையிடம் இருந்தன.

காவியத்தின் உள்ளே

தமிழகக் காண்டம், இலங்கைக் காண்டம், விந்தக் காண்டம், பழிபுரி காண்டம், போர்க் காண்டம் என்று ஐந்து பகுதிகள். பெயர்களைப் பார்த்தாலே ஆசிரியரின் நோக்கம் புரிந்துவிடும். கம்பர் அயோத்தியில் தொடங்குகிறார். சரயு நதியையும் கோசல நாட்டையும் பாடிவிட்டே கதைக்கு வருகிறார். குழந்தை தொடங்குவது தமிழகத்தில். குறிஞ்சி முதலான ஐந்து நிலங்களையும் அவற்றின் மக்களையும் தொழிலையும் உணவையும் விரிவாகப் பாடுகிறார். கடல் கொண்ட பழந்தமிழ் நிலத்தையும் கொண்டுவருகிறார். இதைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காப்பியக் கற்பனை என்றே கொள்ள வேண்டும்.

கதையை யாருடைய ஊரில் தொடங்குகிறோம் என்பதிலேயே பாதி தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அயோத்தியில் தொடங்கினால் இலங்கை என்பது எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கும் அரக்கர் ஊர். தமிழகத்தில் தொடங்கினால், தவம் செய்ய வந்தவர்களும் வேள்வி செய்ய வந்தவர்களும் வில்லோடு வந்த அரச குமாரர்களும் வெளியாட்கள். குழந்தை செய்த பெரிய காரியம் இந்த இடமாற்றம்தான். இராவணனை நல்லவன் என்று சொல்வது எளிது. அவனுக்கு ஒரு நாட்டையும் வீட்டையும் அண்டை அயலாரையும் கட்டிக் கொடுப்பது கடினம். முதல் இரண்டு காண்டங்களை அவர் அதற்கே செலவிட்டார்.

பெயர்களும் மாறின. மண்டோதரி வண்டார்குழலி ஆகிறாள். இந்திரசித்து சேயோன் ஆகிறான். வீடணன் பீடணன். சூர்ப்பணகை காமவல்லி ஆகிறாள். இந்தக் கடைசிப் பெயர் குழந்தையின் கற்பனை என்று பலர் நினைக்கிறார்கள். அது கம்பனிடமே இருக்கிறது. இராமன் முன் அழகிய பெண்ணாக வந்து நிற்கும் சூர்ப்பணகை தன் பெயர் காமவல்லி என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். கம்பன் பொய்ப்பெயராக வைத்ததைக் குழந்தை மெய்ப்பெயராக எடுத்துக்கொண்டார். கம்பனுக்கு எதிரான காப்பியம் கம்பனின் விருத்தத்திலும் கம்பனின் சொற்களிலுமே நடக்கிறது.

இராமன் கதையில் போருக்குக் காரணம் சீதையைக் கவர்ந்தது. இராவணன் கதையில் அதற்கு முந்தைய குற்றம் ஒன்று உண்டு. தங்கைக்கு நேர்ந்த கொடுமை. பழிபுரி காண்டத்தின் ஆற்றல் அங்கேதான்.

இந்த இடத்தில் என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பாடத்தை விட்டு விலகிச் சூர்ப்பணகைப் படலத்தைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "சார், மூக்க அறுத்தவங்க மேல கேஸே கெடையாதா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வலை இழுக்கும் குடும்பத்துப் பெண்; சண்டை, காவல் நிலையம், கேஸ் எல்லாம் பார்த்து வளர்ந்தவள். அன்று நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அடுத்த வாரம் இராவண காவியத்தைத் தேடி எடுத்து, அவள் கேட்ட கேள்வியை ஒரு புலவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டிருக்கிறார் என்று சொன்னேன். "அப்ப நான் சும்மா கேக்கல" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

தடை

நூல் அண்ணாவின் முன்னுரையோடு 1946-இல் வந்தது. 1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1948-இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையில் காங்கிரசு ஆட்சி நடந்தபோது, நூல் தடைக்குள்ளானது. வெள்ளைக்காரன் காலத்தில் அச்சேறிய தமிழ்க் காப்பியத்துக்குச் சுதந்திர நாட்டின் அரசு பூட்டுப் போட்டது.

அரசின் தரப்பையும் எண்ணிப் பார்க்கலாம். பிரிவினைக் கலவரம், காந்தி கொலை எல்லாம் நடந்த ஓராண்டுக்குள் வந்த ஆணை அது. வழிபடும் தெய்வத்தை வஞ்சகனாகக் காட்டும் நூல் மக்களைப் புண்படுத்தும் என்று அதிகாரிகள் அஞ்சியிருக்கலாம். ஆனால், வருந்தி வருந்திப் படிக்க வேண்டிய 3100 விருத்தங்களைக் கொண்ட நூலால் எந்தத் தெருவில் கலவரம் வரும் என்பது எனக்கு விளங்கவில்லை. தமிழ் வித்துவான் வகுப்பில் படிப்போரே அகராதியைப் புரட்டும் நடை அது.

குழந்தை ஓய்ந்து போகவில்லை. 1949-இல் திருக்குறளுக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. அதன் பிறகும் இலக்கணம், வரலாறு என எழுதிக்கொண்டே இருந்தார், பள்ளி வேலைக்கு நடுவில். ஓர் ஆசிரியரின் வாழ்நாளில் தம் தலையாய நூலைக் கடையில் காண முடியாத 23 ஆண்டுகள் என்பது எவ்வளவு காலம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை படித்து முடித்து, அதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பி வந்திருக்கும்.

இங்கே வடசென்னை மறுபடியும் கதைக்குள் வருகிறது. தடை வந்த மறு ஆண்டு, 1949 செப்டம்பரில், இராயபுரம் இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. காவியத்துக்கு முன்னுரை எழுதிய அண்ணாதான் அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர். 1967-இல் அவர் முதலமைச்சரானார், 1969-இல் மறைந்தார். 1971-இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோதுதான் தடை நீக்கப்பட்டு, நூல் மீண்டும் அச்சானது. கம்பருக்கு அம்மன் விளக்குப் பிடித்ததாகச் சொல்லும் கோயிலுக்கும், அந்தத் தடையை நீக்கிய கட்சி தொடங்கிய பூங்காவுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம்தான். ஒரே பேருந்தில் போய்விடலாம்.

புலவர் குழந்தை 1972 செப்டம்பரில் காலமானார். தம் நூல் விடுதலையானதைப் பார்த்துவிட்டுப் போனார் என்பது ஓர் ஆறுதல்.

இதே 1971 வேறொரு வகையிலும் நினைவில் வைக்கத்தக்கது. பெரியாரின் இராமாயண நூலை லலாய் சிங் யாதவ் 1968-இல் இந்தியில் வெளியிட்டார். 1969-இல் உத்தரப்பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர்நீதிமன்றம் 1971-இல் அந்த ஆணையைச் செல்லாததாக்கியது. அரசு மேல்முறையீடு செய்ய, 1976-இல் உச்சநீதிமன்றமும் அதைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். பறிமுதல் ஆணைக்கு அரசு தன் காரணங்களைத் தெளிவாக எழுதியாக வேண்டும் என்பது அந்த வழக்கின் சாரம். சட்டம் படிக்கும் மாணவர்கள் இதைத் தேடிப் படிக்கலாம்.

நாடக மேடையில்

காவியம் பூட்டிக் கிடந்த காலத்தில் மேடை சும்மா இருக்கவில்லை. திருவாரூர் கு. தங்கராசு எழுதி எம்.ஆர். ராதா நடித்த இராமாயணம் நாடகம் 1954-இல் ஊர் ஊராக நடந்து புயலைக் கிளப்பியது. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வரவேண்டாம் என்று ராதா விளம்பரத்திலேயே சொல்லிவிடுவார். அதனாலேயே கூட்டம் கூடும். அந்த ஆண்டே நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது 2013-இல். வழக்குத் தொடுத்தவர் எழுத்தாளர் ஞாநி.

ராதாவின் மேடை கேலியின் மேடை. ஆர்.எஸ். மனோகர் எடுத்த பாதை வேறு. அவருடைய இலங்கேஸ்வரன் நாடகத்தில் இராவணன் கம்பீரமும் கலையும் பக்தியும் நிறைந்த பேரரசன்; சீதை அவனுடைய மகள். சமணர் சொன்ன பழைய கதை, தந்திரக் காட்சிகளோடும் பட்டுத் திரைகளோடும் சென்னை மேடைக்கு வந்தது. பூசை அறையில் இராமர் படம் வைத்திருந்த குடும்பங்களும் டிக்கெட் வாங்கிப் பார்த்தன. இராவணனுக்காகக் கண் கலங்கின. இராமனைத் திட்டாமலே இராவணனை உயர்த்த முடியும் என்று மனோகர் காட்டினார்.

குற்றமில்லாத இராவணன்

இனி என் கருத்து. ஏற்பதும் மறுப்பதும் வாசகர் விருப்பம்.

இராவண காவியத்தின் குறை, அதன் இராவணனிடம் குற்றமே இல்லை என்பது. கம்பனின் இராவணன் தவறு செய்கிறான், தவறு என்று தெரிந்தும் செய்கிறான், அதற்காகத் தம்பியையும் மகனையும் இழக்கிறான். அதனால்தான் அவன் மனத்தில் நிற்கிறான். குழந்தையின் இராவணன் அறம் தவறாத அரசன். வஞ்சகத்தால் வீழ்ந்தான் என்ற இரக்கம் நமக்கு வருகிறது. அவன் நெஞ்சுக்குள் என்ன போராட்டம் நடந்தது என்று கேட்க இடமில்லாமல் போகிறது. போதாததற்கு, வில்லன் இருந்த நாற்காலியில் இராமன் உட்கார வைக்கப்படுகிறான். நாற்காலி அப்படியே இருக்கிறது; ஆள்தான் மாறியிருக்கிறார். மதுசூதனரின் காவியம் இந்த வகையில் நுட்பமானது.

ஆனால் குழந்தைக்கும் மதுசூதனருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மதுசூதனர் எழுதியது தமக்குப் பிடித்த ஒரு வீரனைப் பற்றி. குழந்தை எழுதியது, அரக்கன் என்றும் குரங்கு என்றும் இழித்துப் பாடப்பட்டவர்கள் தம் முன்னோரே என்று நம்பிய ஒரு தலைமுறைக்காக. அது அவர்கள் சார்பில் தாக்கல் செய்த மனு. எந்த வக்கீலும் தன் கட்சிக்காரரின் குற்றத்தைத் தானாக எழுதிக்கொடுப்பதில்லை. அந்த மனுவைப் படிக்காமலே ஓர் அரசு மூடி வைத்ததால், அதன் இலக்கிய நிறைகுறைகளைப் பேசும் வாய்ப்பும் கால் நூற்றாண்டு தள்ளிப்போனது. தடையால் நேர்ந்த பெரிய இழப்பு இது என்பேன். 1950-களில் நல்ல விமர்சனம் கிடைத்திருந்தால், அடுத்து வந்த இராவணன்கள் இன்னும் சிக்கலானவர்களாக இருந்திருப்பார்கள்.

பிற்காலத்தில் அப்படிப்பட்டவர்கள் வரத்தான் செய்தார்கள். 2010-இல் மணிரத்னத்தின் இராவணன், 2012-இல் ஆனந்த் நீலகண்டன் ஆங்கிலத்தில் எழுதிய அசுரா, 2018-இல் பா. இரஞ்சித்தின் காலா. காலாவில் நில உரிமைக்காக நிற்கும் தாராவித் தமிழன்தான் இராவணன். அவனை வீழ்த்த வரும் வேளையில் பின்னணியில் இராமாயணம் ஓதப்படுகிறது. வெளிநாட்டில் ஜான் கார்ட்னர், பழைய ஆங்கிலக் காப்பியத்தின் பூதத்தையே பேசவைத்து கிரெண்டல் என்ற நாவலை எழுதினார். அது வெளியான ஆண்டும் 1971. ஓஸ் நாட்டுச் சூனியக்காரியின் கதையை அவள் பக்கமிருந்து சொல்லும் கிரெகரி மக்வயரின் விக்கெட் நாவல் 1995-இல் வந்து, இசை நாடகமாகி, 2024-இல் திரைப்படமாகவும் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த என் பேத்தி, இப்படிக்கூடக் கதை சொல்லலாமா தாத்தா என்று வியந்தாள். பவானியில் ஒருவர் சொல்லியிருக்கிறார் என்றேன்.

புலவர் குழந்தையின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால் இராவண காவியத்தை இன்று யாரும் தடையின்றிப் படிக்கலாம், அச்சிடலாம். முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க முயன்றால் சலிப்புத் தட்டும். கம்பராமாயணத்து ஆரணிய காண்டத்தின் சூர்ப்பணகைப் படலத்தை முதலில் படித்துவிட்டு, பிறகு பழிபுரி காண்டத்தைத் திறப்பது நல்லது. உரையோடு கூடிய பதிப்பாக இருந்தால் பள்ளி மாணவர்களுக்கும் எட்டும்.